தை எப்போது?

(கிளை நூலக வாசகர் வட்ட மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பணத்தில் நமக்கு இருக்கும் கெட்ட பழக்கங்களை விடுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். கெட்ட பழக்கம் என்றதும் மனம் மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் ஓடும். இன்று அவற்றைப் பேசப் போவதில்லை. எந்தக் கெட்ட பெயரும் இல்லாமல், ஒழுங்காக வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் சத்தமில்லாமல் குடியிருக்கும் ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வட்டியைக் கட்டிவிட்டு அசலை அப்படியே விட்டுவைக்கும் பழக்கம்.

வங்கியில் 31 வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் நகைக்கடன் கவுன்டர். கழுத்திலிருந்து கழற்றிய சூடு ஆறாத சங்கிலியைக் கையில் வாங்கி அப்ரைசரிடம் கொடுப்பேன். அவர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து, நிகர எடையைச் சொல்வார். சீட்டு எழுதி, பையில் போட்டு, முத்திரை வைத்து, பெட்டகத்துக்குப் போகும். இதைப் பல ஆயிரம் முறை செய்திருக்கிறேன். அந்தக் கவுன்டரில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "நகை பேங்க்லதான் சார் இருக்கு." உறவினர் கேட்டாலும் சம்பந்தி கேட்டாலும் நாம் சொல்வது இதுதான். கேட்பவருக்கு நகை பத்திரமாக லாக்கரில் இருப்பதுபோல் தோன்றும். சொல்பவருக்கும் கொஞ்ச நாளில் அப்படியே தோன்ற ஆரம்பித்துவிடும். கடன் என்ற சொல் அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை பாருங்கள்.

நகையை அடகு வைப்பதே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. நம் அப்பத்தாக்களும் வைத்தார்கள். ஆடி மாதம் உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் பணம் வேண்டும். தோடோ சங்கிலியோ போகும். தை மாதம் களத்தில் நெல் வந்து விழும். விற்ற கையோடு முதல் வேலை நகையைத் திருப்புவது. தை முடிவதற்குள் கழுத்தில் நகை ஏறிவிடும். மழை பொய்த்த வருடம் தவிர மற்றபடி ஆறு மாதக் கதை அது. வைக்கும்போதே எந்தப் பணத்தில் திருப்பப் போகிறோம் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். அந்தப் பணம் கண்ணெதிரே வயலில் வளர்ந்துகொண்டிருக்கும்.

நாம் வயலை விட்டு மாதச் சம்பளத்துக்கு வந்தோம். ஆடியை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டோம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் ஒரு ஆடி. வீட்டு அட்வான்ஸ் ஒரு ஆடி. மச்சினன் மகள் சடங்குக்குச் சீர் செய்வது ஒரு ஆடி. ஆனால் சம்பளக்காரனுக்குத் தை கிடையாது. ஒன்றாம் தேதி வருவது பத்தாம் தேதிக்குள் வாடகைக்கும் மளிகைக்கும் பாலுக்கும் பிரிந்து போய்விடுகிறது. மொத்தமாக ஒரு பணம் வந்து களத்தில் குவியும் நாள் நம் காலண்டரில் இல்லை. அதனால் வைத்த நகை வைத்தபடியே இருக்கிறது. வருடம் முடியும்போது வங்கியிலிருந்து தபால் வரும். போய் வட்டியைக் கட்டி மாற்றி வைத்துவிட்டு, பெரிய வேலை ஒன்று முடிந்த நிம்மதியோடு திரும்பி வருகிறோம். பழக்கம் அந்த நிம்மதியில்தான் வேர் பிடிக்கிறது. பணம் கட்டியிருக்கிறோம், ரசீது கையில் இருக்கிறது, மனசு சுத்தமாக இருக்கிறது. கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

இதை அடுத்தவர் வீட்டுக் கதையாக நான் சொல்லவில்லை. 1993-இல் வீட்டுக்குத் தளம் போடப் பணம் பற்றாமல் என் மனைவியின் ஏழு பவுன் சங்கிலியை 12,000 ரூபாய்க்கு வேறொரு வங்கியில் வைத்தேன். ஆறு மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். ஒன்பது வருடம் ஆயிற்று. அந்தக் காலத்து வட்டி சராசரியாக நூற்றுக்குப் பதினைந்து என்று வையுங்கள். வருடம் 1,800 வீதம் 16,000 ரூபாய்க்கு மேல் வட்டியாக மட்டும் கட்டியிருக்கிறேன். அசல் 12,000 அப்படியே நின்றது.

வழியே இல்லாமல் இருந்ததா என்றால், இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் வங்கி ஊழியர்களுக்கு இரண்டு முறை ஊதிய ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு முறையும் நிலுவைத் தொகை மொத்தமாகக் கைக்கு வந்தது. எனக்கு இரண்டு தை வந்தன. ஒன்றில் கலர் டி.வி. வாங்கினேன், இன்னொன்றில் ஸ்கூட்டர். நகைதான் பேங்கில் இருக்கிறதே, எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு. ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவும்போது பார்த்தேன், அவள் கழுத்தில் கவரிங் சங்கிலி பட்ட இடம் அரித்துச் சிவந்து தடித்திருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கும் தெரியாது. நகைக்கடன் கவுன்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கணக்குச் சொன்னவன் செய்த தப்பு இது. அறிவு இல்லாததால் இந்தப் பழக்கம் வருவதில்லை என்பதற்கு நானே சாட்சி.

பிறகு எதனால் வருகிறது? என் அனுபவத்தில், கடன் வாங்கும் நேரத்தில் "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்கிறோம். "எந்தப் பணத்தில் திருப்புவோம்?" என்று கேட்பதில்லை. முதல் கேள்விக்கு அப்ரைசர் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு வீட்டில்தான் பதில் இருக்கிறது. அதைக் கேட்டால் கடனே வாங்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அதைத் தொடுவதில்லை.

இப்போது இன்னொரு ஆபத்து சேர்ந்திருக்கிறது. தங்கத்தின் விலை. 2020 நடுவில் ஒரு பவுன் 40,000 ரூபாயைத் தாண்டியபோதே ஊர் வாயைப் பிளந்தது. 2025-க்குள் அது இரண்டு மடங்கைத் தாண்டிப் போய்விட்டது. மாற்றி வைக்கப் போகிறவர்களிடம், இதே நகைக்கு இப்போது கூடுதலாகத் தருவோம் என்கிறார்கள். வட்டியையும் அந்தக் கூடுதலிலேயே கழித்துக்கொண்டு, கையிலும் பணம் கொடுத்து அனுப்பிய இடங்கள் உண்டு. நகையை மாற்றி வைக்கப் போனவர் பணத்தோடு வந்தார், வட்டிக்காக ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. இதைவிட இனிப்பான பொறி நான் பார்த்ததில்லை. சங்கிலி அதே சங்கிலிதான். ஒரு லட்சமாக இருந்த கடன் இரண்டு லட்சமாகிவிட்டது. விலை ஏற்றத்தின் பலன் நமக்கு வந்ததாக நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பலனைத் தின்று முடித்துவிட்டு, அதற்கும் சேர்த்து வட்டி கட்டப் போகிறோம்.

அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டி மீட்டுத்தான் மறுபடி வைக்கலாம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே என்ன நடக்கிறது? வங்கி வாசலிலேயே ஒருநாள் வட்டிக்குப் பணம் தருகிறவர்கள் நிற்கிறார்கள். காலையில் வாங்கி, மீட்டு, மாலைக்குள் மறுபடி வைத்து, அவர்களுக்குக் கொடுத்துவிடுவது. விதி நம்மை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறது. நாம் அதற்கும் ஒரு கட்டணம் கட்டித் தாண்டிப் போகிறோம்.

ஒரு கணக்கு மட்டும் போடுவோம். ஒரு லட்சம் ரூபாய் நகைக்கடன், வருடத்துக்கு 9 சதவீதம். மாத வட்டி 750 ரூபாய். வட்டியை மட்டும் கட்டிவந்தால் பத்து வருடத்தில் 90,000 கட்டியிருப்போம், ஒரு லட்சம் பாக்கி நிற்கும். அதே கடனுக்கு மாதம் 3,180 ரூபாய் கட்டினால் 36 மாதத்தில் நகை வீட்டில் இருக்கும். மொத்த வட்டி 15,000-க்குள். தனியார் அடகுக் கடையில் இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். நாலு வருடம் வட்டி கட்டினால் 96,000. ஏறக்குறைய அசலையே கொடுத்தாயிற்று, நகை இன்னும் அங்கேதான்.

இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு இது அம்மாக்களின் பிரச்சினை என்று தோன்றலாம். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கிரெடிட் கார்டும் இதே கதைதான். மாதாமாதம் வரும் ஸ்டேட்மென்டில் இரண்டு தொகை இருக்கும். மொத்த பாக்கி ஒன்று, குறைந்தபட்சத் தொகை இன்னொன்று. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும் என்று அதே தாளில் எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அச்சடித்திருக்கிறார்கள். நாம் அந்த வரிக்குப் போவதில்லை.

50,000 ரூபாய் பாக்கி, மாதம் மூன்றரை சதவீதம் என்று வையுங்கள். ஒரு மாத வட்டி 1,750. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315. ஆக 2,065. நீங்கள் குறைந்தபட்சம் என்று 2,500 கட்டினால் அசலில் கழிவது 435 ரூபாய். புதிதாக ஒரு பொருளும் வாங்காமல் இப்படியே 2,500 கட்டி வந்தால் மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும், 1,08,000 ரூபாய் போகும். 5,000 வீதம் கட்டினால் 14 மாதத்துக்குள் முடியும், 66,000 ரூபாய். அதோடு, பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மளிகைக்கடையில் பருப்பு வாங்கினாலும் அதற்கும்.

கிராமத்தில் மூன்று வட்டி, நாலு வட்டி என்றால் "கொடுமைக்கார வட்டி" என்று முகத்தைச் சுளிப்பார்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் என்னவென்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். கார்டில் மூன்றரை என்று போட்டிருப்பதும் அதே மூன்றரை வட்டிதான். குளிரூட்டிய அறையிலிருந்து வருவதால் நமக்கு உறைப்பதில்லை. உங்கள் வீட்டுப் பாட்டியிடம் அந்தத் தாளைக் காட்டி, "மூணரை வட்டி" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் போகும் போக்கைப் பார்த்தால் போதும்.

சரி, விடுவது எப்படி? மன உறுதி வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கு மன உறுதி இருந்தது, ஒவ்வொரு வருடமும் இருந்தது. தை இல்லாதவர்கள் தங்களுக்கு ஒரு தையைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வழியைத்தான் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை எனக்குக் காட்டியவர், பேருந்து நிலையத்துக்கு வெளியே பூக்கட்டி விற்ற ஒரு அம்மா. மகன் ஆஸ்பத்திரிச் செலவுக்காக தன் வளையல்களை 24,000 ரூபாய்க்கு வைத்திருந்தார். வைத்த மறுவாரமே வந்து, "சார், முன்னூறு ரூவா கட்டலாமா?" என்று கேட்டார். கட்டலாம்மா, ஆனால் கடைசி நாள் அடுத்த வருடம்தான் என்றேன். "அடுத்த வருஷம் இருபத்தஞ்சாயிரம் எனக்கு யார் தருவா? இந்தச் சனிக்கிழமை முன்னூறு இருக்கு" என்றார். முகூர்த்த நாள் வந்தால் ஐந்நூறு. மழையில் பூ விற்காத வாரம் ஒன்றுமில்லை. நகைக்கடனில் வட்டி அன்றாடம் நிற்கும் பாக்கிக்குத்தான் ஓடும், இடையில் எவ்வளவு கட்டினாலும் அடுத்த நாளிலிருந்து வட்டி குறையும். அந்த விதியை எனக்குப் பரீட்சை வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் வாழ்ந்து காட்டினார். ஒன்றே முக்கால் வருடத்துக்குள் வளையல்களைத் திருப்பிவிட்டார். பை முத்திரையைப் பிரித்து நீட்டினேன். அங்கேயே கையில் போட்டுக்கொண்டு, ஒரு முழம் மல்லிகையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை வீட்டுக்குப் போய்த்தான் என் மனைவியின் சங்கிலிக்கு முதல்முறையாக அசலில் கட்டத் திட்டம் போட்டேன். பதினாலு மாதத்தில் திருப்பினேன்.

அறுவடையைச் சனிக்கிழமைகளாகப் பிரித்துக்கொள்வது, இது முதல் வழி. இதில் முக்கியம், தேதி. சம்பளம் வாங்குபவர்கள் அது வந்த மறுநாளே கட்ட வேண்டும். மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் என்று நினைத்தால் மிச்சம் இருக்காது. வங்கியில் எழுதிக் கொடுத்தால் கணக்கிலிருந்து அதுவே போய்விடும். கையில் நோட்டாக இருந்தால் மனம் தடுமாறும். போனில் தட்டும்போதோ பணம் போவதே தெரிவதில்லை. அந்த வசதி செலவுக்கு உதவுவதுபோலக் கடனை அடைக்கவும் உதவட்டும்.

இரண்டாவது வழிக்கு வேண்டிய கருவி ஏற்கனவே உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. மொய் நோட்டு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எந்த வருடம் யார் எவ்வளவு செய்தார்கள் என்று தலைமுறை தாண்டியும் நோட்டில் நிற்கும். மதுரை, தேனிப் பக்கமும் அப்படித்தான். அடுத்தவர் செய்த 101 ரூபாயைத் திருப்பிச் செய்ய மறந்தால் மானம் போய்விடும் என்று எழுதி வைக்கும் நம் கைதான், சொந்தக் கடனை எங்கேயும் எழுதுவதில்லை. அடகுச் சீட்டு அரிசிப் பானைக்குள், கார்டு பாக்கி கணவர் போனில், குழுக்கடன் மனைவி மனதில், கைமாற்று இருவருக்கும் தெரியாமல் மகன் தலையில். ஒரு நோட்டு போடுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி. நாலாவதாக ஒரு கட்டம் கட்டி, "எந்தப் பணத்தில் முடியும்" என்று தலைப்புப் போடுங்கள். தீபாவளி போனஸ், சீட்டுப் பணம், எல்.ஐ.சி. முதிர்வு, ஈட்டிய விடுப்பை ஒப்படைத்து வரும் பணம், ஆடு விற்கும் பணம், எது உண்டோ அதை அங்கே எழுதிவிடுங்கள். டி.வி.யும் ஸ்கூட்டரும் வந்து கூப்பிடுவதற்கு முன்பே அந்தப் பணத்துக்கு உரிமையாளர் யார் என்று முடிவாகிவிட வேண்டும். நாலாவது கட்டம் காலியாக இருக்கும் கடனை வாங்கவே கூடாது.

இந்த நோட்டைக் குடும்பம் முழுக்கப் பார்க்க வேண்டும். சிலருக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும். மறைத்து வாங்கிய கடன்தான் அதிக வட்டிக்குப் போகும். அவமானத்துக்குப் பயந்து தெருக்கோடியில் தண்டல்காரரிடம் போகிறவர்களை அறிவேன். 9,000 கையில் கொடுத்து நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். தினமும் அசலும் குறைந்துகொண்டே போவதால், சராசரியாக நம் கையில் இருந்த பணம் ஏறக்குறைய 4,500 தான். வருடத்துக்குப் போட்டால் 80 சதவீதம் தாண்டுகிறது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் மறைத்து வாங்கியவர் புகார் கொடுக்க எந்தப் படியும் ஏற மாட்டார்.

கார்டு கடனை அடைக்க நகையை வைக்கலாமா என்று ஒரு தம்பி துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். வைக்கலாம். 42 சதவீதத்திலிருந்து ஒன்பது, பத்துக்கு வருவது புத்திசாலித்தனம். இரண்டு நிபந்தனை. அன்றைக்கே அந்தக் கார்டை முடித்துவிட வேண்டும். நகைக்கடனுக்கு மறுமாதத்திலிருந்து அசலில் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு வருடத்தில் நகையும் உள்ளே இருக்கும், கார்டும் நிரம்பியிருக்கும். அப்படி முடிந்த வீடுகள்தான் எனக்கு அதிகம் தெரியும்.

ஆஸ்பத்திரிச் செலவுக்காக வைத்த நகையை நான் கெட்ட பழக்கத்தில் சேர்க்க மாட்டேன். ஆனால் வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஐந்து லட்சம் வரை உண்டு. அட்டை வாங்காமலே நகையோடு ஓடிவருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரியும். நாளைக்கே போய் அட்டைக்கு எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, நாளிதழில் பக்கம் பக்கமாக நகை ஏல அறிவிப்பு வருகிறதே, அதில் உங்கள் கடன் எண் வந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாதீர்கள். ஏலத்துக்கு முன்பு கட்டி மீட்க வழி உண்டு. ஏலமே போனாலும், கடனும் செலவும் போக மிஞ்சும் தொகை உங்களுடையது. கேட்டு வாங்குங்கள்.

அழைப்பிதழிலேயே அடகுச் சீட்டும் கார்டு ஸ்டேட்மென்டும் இருப்பவர்கள் கொண்டுவரலாம் என்று போடச் சொல்லியிருந்தேன். பின்வரிசையில் சிலர் மஞ்சள் பையோடு வந்திருப்பது தெரிகிறது. நூலகர் எட்டரை மணிவரை அறையைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஜன்னலோரம் மேசை போட்டிருக்கிறோம். என்னோடு வேலை பார்த்த இரண்டு நண்பர்களும் வந்திருக்கிறார்கள். நாற்பது பக்க நோட்டும் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். கணவன் மனைவியாக வந்தவர்கள் சேர்ந்தே வந்து உட்காருங்கள். முதல் பக்கத்தில் நாலு கட்டம் கட்டுவதிலிருந்து ஆரம்பிப்போம்.